சாய்த்துப் பிடித்த விளக்கு

கோவில்பட்டியில் எங்கள் வீட்டு முன்னறைச் சுவரில் சின்னத் தாத்தாவின் படம் தொங்குகிறது. தாத்தாவின் கூடப்பிறந்த தம்பி. நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலேறி மலாயா போனவர். கோலசிலாங்கூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் கடைசிவரை பால்மரம் வெட்டினார்; ரப்பர் மரத்துக்கு அங்கே அதுதான் பெயர். ஆள் திரும்பி வரவில்லை, இந்தப் படம்தான் வந்தது. போட்டிருக்கும் கோட்டு ஸ்டுடியோவுடையது. கை ஊன்றியிருக்கும் நாற்காலியும் ஸ்டுடியோவுடையது. பின்னால் தெரியும் பங்களா, துணியில் வரைந்து தொங்கவிட்டது. நிறமும் இரவல்தான். “எங்க கொழுந்தனாரு கருவேலங்கரி மாதிரில்லா இருப்பாரு” என்று ஆச்சி சொல்லிக் கேட்டிருக்கிறேன். படத்தில் நிற்பவரோ தோட்டத்துத் துரைக்குப் பங்காளி போல இருக்கிறார். நெகட்டிவில் முகத்தின் மேல் கூரான பென்சிலால் மெல்லத் தீற்றினால் அச்சில் அந்த இடம் வெளுத்து வரும். அந்தக் காலத்தில் பல ஸ்டுடியோக்களில் இதற்கென்றே ஒருவர் சாய்வுப் பலகை முன் குனிந்து உட்கார்ந்திருப்பார்.

எனக்கு நாற்பத்தேழு வயது. பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். கேமரா வாங்கி ஒன்றரை வருஷம் ஆகிறது. பகல் வெளிச்சத்தில் ஏதோ சமாளித்துவிடுவேன். ஆண்டு விழாவில் ஃபிளாஷைப் பொருத்தினேன். பிள்ளைகள் அத்தனை பேரும் அவித்த முட்டைக்குக் கண் வரைந்தது போல வந்தார்கள். ஒவ்வொருவர் முதுகுக்குப் பின்னாலும் சுவரில் ஒரு கறுப்புப் பிசாசு. தலைமையாசிரியர் நல்ல மனிதர். “அடுத்த வருஷம் வெளியாளக் கூப்பிட்டுக்கலாம் சார், நீங்க விழாவைப் பாருங்க” என்றார்.

சின்னத் தாத்தாவின் பேரன் புஞ்சாக் ஆலாமில் இருக்கிறார். எனக்கு அண்ணன் முறை. இருபத்தைந்து வருஷமாகக் கல்யாண வீடுகளில் படம் எடுப்பவர். அவருக்கு அந்தப் படங்களை அனுப்பினேன். பத்து நிமிஷத்தில் போன் வந்தது. “தம்பி, லீவுக்குப் பொறப்பட்டு வா. ஃபிளாஷையும் எடுத்துக்கிட்டு வா. இந்தப் படத்த வேற யாருக்கும் காட்டாத.”

புஞ்சாக் ஆலாம்

மலாயில் புஞ்சாக் என்றால் உச்சி, ஆலாம் என்றால் இயற்கை. போய்ப் பார்த்தால் ஒரே அச்சில் வார்த்த வரிசை வீடுகள், வட்டச் சந்திகள், ஒரு பெரிய பல்கலைக்கழக வளாகம், அதை நம்பி நடக்கும் சாப்பாட்டுக் கடைகள். வீட்டு வரிசை முடிகிற இடத்தில் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் தொடங்குகிறது. இயற்கை அங்கே காத்துக்கொண்டு நிற்பது மாதிரி.

முதல் நாள் எனக்குப் பிடிபட்டது வெளிச்ச வித்தியாசம்தான். எங்கள் கரிசல் காட்டு வெயில் மூக்குக்கு அடியில் கோடு போட்டு நிழலைக் கத்தரித்துவிடும். இங்கே காலை பத்து மணிக்கே வானம் முழுக்க வெண்மேகம். வெயில் அதில் வடிந்து, ஈரக் காற்றில் கரைந்து, எல்லாப் பக்கமிருந்தும் வருகிறது. யார் முகத்திலும் கோடு கிடையாது. “இது ஆண்டவன் கட்டுன சாஃப்ட்பாக்ஸ் தம்பி. நம்ம சாஃப்ட்பாக்ஸ் நூத்தம்பது வெள்ளி” என்றார் அண்ணன். ரிங்கிட்டை இங்கே தமிழர்கள் வெள்ளி என்றுதான் சொல்கிறார்கள்.

ராத்திரி சாப்பாடு முடிந்ததும் பாடம். மாடல் யாரென்று பார்த்தால், சாப்பாட்டு மேசையில் ஒரு முட்டையும் ஒரு கத்தரிக்காயும். அண்ணி குளிர்பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டு, “நாளைக்கு அத சமைக்கணும், கீழ போட்டுறாதீங்க” என்று சொல்லிப் போனார்.

“நேரா அடி” என்றார் அண்ணன். அடித்தேன். முட்டை வெளுத்துத் தட்டையாகிவிட்டது. கத்தரிக்காய் கறுத்து, நடுவில் ஒரே ஒரு வெள்ளைப் பொட்டு. “இப்ப தலையைத் திருப்பு.” ஃபிளாஷின் தலையை இடப்பக்கச் சுவரைப் பார்க்கத் திருப்பி அடித்தேன். வெளிச்சம் வெள்ளைச் சுவரில் மோதி, சுவரளவுக்கு அகலமாகிப் பக்கவாட்டில் வந்து விழுந்தது. முட்டைக்கு ஒரு கன்னம், ஒரு நிழல் கிடைத்தது. நான் வாய் பிளந்தது கத்தரிக்காயைப் பார்த்துத்தான். அதன் ஓரத்தில் காம்பிலிருந்து அடிவரை நீளமாக ஒரு பளபளப்பு ஓடியது. அதைச் சுற்றி ஊதா, பிறகு கருநீலம், பிறகு கறுப்பு. கறுப்புக்குள் இத்தனை படி இருக்கிறதென்று கத்தரிக்காய் வாங்கும்போது கவனித்ததில்லை.

“நம்ம ஆளுங்க தோலு இந்தக் கத்தரிக்காய்தான்” என்றார் அண்ணன். “வெளிச்சத்தைக் கூட்டிக் கூட்டி அத முட்டையாக்கப் பாக்குறான் ஒவ்வொருத்தனும். முட்டையும் ஆகாது, கத்தரிக்காயும் போயிடும். அகலமான வெளிச்சத்தப் பக்கத்துல வையி. நிறத்த விடு, பளபளப்பப் புடி.”

அப்புறம் தூரம். தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நாலில் ஒன்று, மூன்று மடங்கானால் ஒன்பதில் ஒன்று. இதை எத்தனையோ வகுப்புகளில் கரும்பலகையில் எழுதியவன் நான். கையில் ஃபிளாஷைப் பிடித்துக்கொண்டு ஒரு முழம் பின்னால் நகர்ந்தபோது படம் இருண்டதைப் பார்த்துத் திடுக்கிட்டதும் நான்தான். ஒரு மீட்டரில் லென்ஸ் துவாரத்தை எஃப் 8-இல் வைத்தால் இரண்டு மீட்டரில் எஃப் 4 வைக்க வேண்டும். கணக்கு சரியாக இருக்கிறது, கைதான் பழக வேண்டும். இன்னொன்றையும் அன்றைக்கே மண்டையில் ஏற்றினார்: ஃபிளாஷ் வெளிச்சத்தை அடக்குவது துவாரம், அறை வெளிச்சத்தை அடக்குவது ஷட்டர். ஆண்டு விழாப் படங்களில் மேடை விளக்கெல்லாம் செத்துப்போய்ப் பின்புலம் கறுத்துக் கிடந்ததற்குக் காரணம் இதுதான். ஷட்டரைக் கொஞ்சம் மெதுவாக்கியிருந்தால் மேடையும் படத்துக்குள் வந்திருக்கும்.

விடிகாலையில் எழுப்பி, “பசியாறிட்டுப் போவோம்” என்றார். இங்கே காலைச் சாப்பாட்டுக்கு அதுதான் சொல். நல்ல சொல். ரொட்டி சானாயும் பருப்புச் சாறும். தே தாரிக் ஆற்றுபவர் குவளையைத் தலைக்கு மேல் தூக்கியபோது கேமராவைத் தூக்கினேன். எங்கள் ஊர் டீ மாஸ்டருக்கு இவர் உறவுக்காரராகத்தான் இருக்க வேண்டும். டீயில் மட்டும் கட்டிப்பால் தித்திப்பு தூக்கல்.

பெஸ்தாரி ஜெயா போகும் சடக்கு

இஜோக் ஊரைத் தாண்டினால் ரோட்டின் இரண்டு பக்கமும் செம்பனை. பெஸ்தாரி ஜெயா என்பது 2007-இல் வைத்த பெயர். அண்ணன் வாயில் அது இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். இந்த வட்டாரத்துத் தென்னமாரம் தோட்டத்தில்தான் 1917-இல் ஆன்ரி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் மலாயாவிலேயே முதன்முதலாக வியாபாரத்துக்கென்று செம்பனை பயிரிட்டார். பெயரில் தென்னை, மண்ணில் செம்பனை! அந்த மனிதர் பிற்பாடு தோட்ட வாழ்க்கையை வைத்து ‘மலேசி’ என்று ஒரு நாவல் எழுதி, 1930-இல் பிரான்சின் கோன்கூர் பரிசும் வாங்கினார். சின்னத் தாத்தா காலத்து ரப்பரை அந்தச் செம்பனை மெல்ல மெல்ல விழுங்கியது. இப்போது குலை வெட்டுகிறவர்கள் பெரும்பாலும் இந்தோனேசியர்கள், வங்காளதேசத்துப் பையன்கள். நீண்ட கம்பின் நுனியில் அரிவாளோடு அண்ணாந்து நின்ற ஒரு பையனைப் படம் எடுத்தேன். மட்டைகளுக்குக் கீழே காலை ஒன்பது மணிக்கும் சாயங்கால இருட்டு. ஃபிளாஷை மிகக் குறைத்து, அவன் கண்ணுக்குள் ஒரு பொட்டு வெளிச்சம் விழும் அளவுக்கு மட்டும் கொடுக்கச் சொன்னார் அண்ணன். ஃபிளாஷ் போட்டதே படத்தில் தெரியவில்லை. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது, சுமந்து வந்த பொருள் ஆயிற்றே.

நாங்கள் போனது பழைய லயம் ஒன்றுக்கு, தோட்டத்து ஆட்களின் வரிசை வீடுகளுக்கு. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களம் இருந்த இடத்தில் புல். மாரியம்மன் கோயில் மட்டும் புதுப் பெயின்டில். வரிசையில் ஆள் இருக்கும் வீடுகள் நாலு. அதில் ஒன்றில் ஒரு பாட்டி, அண்ணனுக்குச் சின்ன வயதிலிருந்து தெரிந்தவர். மகன் கொல்லைப்பக்கம் மிச்சமிருக்கும் கொஞ்சம் பால்மரத்தை மழையில்லாத நாட்களில் வெட்டுகிறார். அன்றைக்கு வெட்டியிருந்தார், மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணங்களில் பால் சொட்டிக்கொண்டிருந்தது.

எனக்கு ஓர் ஆசை. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஹெரால்டு எட்ஜர்ட்டன் என்றொரு பேராசிரியர் இருந்தார். கண்ணுக்கு எட்டாத நொடித்துணுக்கில் மின்னி அணையும் ஃபிளாஷை 1930-களில் படமெடுக்கும் அளவுக்குப் பழக்கியவர். பால் துளி ஒன்று விழுந்து கிரீடம் போலத் தெறிக்கும் அவர் படத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். பசும்பாலில் அவர் செய்ததை மரத்துப்பாலில் நான் செய்து பார்த்தால் என்ன? ஃபிளாஷைத் தனியாக ஒரு முக்காலியில் மாட்டி, ரேடியோ டிரிக்கரால் இணைத்து, மங்குக்குப் பக்கவாட்டில் வைத்தேன். துளியை உறைய வைக்க வேகம் வேண்டுமே என்று ஷட்டரை 1/500-க்கு ஏற்றினேன். படத்தில் பாதிக்குக் கறுப்புப் பட்டை. திரும்ப எடுத்தேன், திரும்பவும் பட்டை. கேமரா போயிற்று என்று வியர்த்துவிட்டது.

அண்ணன் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்தேன். ஷட்டர் என்பது இரண்டு திரை. முதல் திரை திறக்க, பின்னாலேயே இரண்டாவது திரை மூடிக்கொண்டு வரும். என் கேமராவில் 1/200 வரைக்கும் சென்சார் ஒரு கணமாவது முழுசாகத் திறந்து நிற்கும். அதற்கு மேல் போனால் இரண்டு திரைக்கும் நடுவே ஒரு கீற்றுதான் நகரும். ஃபிளாஷ் மின்னும் அந்தக் கணத்தில் கீற்றுக்கு வெளியே இருப்பதெல்லாம் கறுப்பு. “துளிய நிறுத்துறது ஷட்டர் இல்ல, ஃபிளாஷு. பவரக் கொறைச்சா அது மின்னுற நேரமும் கொறையும்.” பவரை 1/64-க்கு இறக்கியதும் ஃபிளாஷ் எரிவது நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஷட்டர் 1/200-லேயே இருக்கட்டும். நாற்பத்திரண்டாவது முயற்சியில் ஒரு துளி மங்குக்கு ஓர் அங்குலம் மேலே, அடிபருத்து, தலையில் நூல்வாலோடு அந்தரத்தில் நின்றது. பின்னால் ஈரப் பட்டையில் உளிக் கோடு.

பாட்டி வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றிருந்தார். “என்னா ஐயா, பால் சொட்டுறதப் போயி படம் புடிக்கிற?” கேமராத் திரையைக் காட்டினேன். துளியை அவர் பார்க்கவேயில்லை. விரலைப் பட்டைமேல் வைத்தார். “வெட்டு நல்லாத் தெரியுது. வெளக்கச் சாச்சு வச்சிருக்க.”

முப்பத்திரண்டு வருஷம் மரம் வெட்டியவர். வெயில் ஏறினால் பால் சீக்கிரம் நின்றுவிடும் என்பதால் இருட்டிலேயே மர நிரைக்குப் போய்விட வேண்டும். நெற்றியில் விளக்கு. பட்டையை மெல்லிசாகச் சீவ வேண்டும். கொஞ்சம் ஆழம் போனால் உள்மரத்தில் காயம் பட்டு, அந்த இடத்தில் பட்டை முடிச்சு முடிச்சாக வளரும். மேற்பார்க்கும் மண்டோர் கண்ணில் பட்டால் ஏச்சு. “வெளக்கு நேரா அடிச்சா பட்டை மொட்டையா ஒரே வெளுப்பாத் தெரியும் ஐயா. ஆழம் தெரியாது, காயம் பண்ணிருவோம். தலையக் கொஞ்சம் ஒருசாச்சு வச்சு வெட்டுவோம். அப்ப கோட்டுக்கு அந்தாண்ட நெழல் விழும். நெழலப் பாத்துத்தான் வெட்டுறது.” சொல்லிக்கொண்டே தலையை இடப்பக்கம் சாய்த்துக் காட்டினார். கழுத்து அந்தக் கோணத்தை மறக்கவில்லை.

நான் அண்ணனைப் பார்த்தேன். அண்ணன் மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருபத்தைந்து வருஷத் தொழில்காரருக்கும் இது புதுசு என்று முகத்தில் தெரிந்தது.

பாட்டியைப் படம் எடுக்கலாமா என்று கேட்டோம். உள்ளே போய்ப் புடவை மாற்றி, விபூதி வைத்து வந்தார். வாசலில் கொடியில் மகனின் வெள்ளை வேட்டி காய்ந்துகொண்டிருந்தது. அதைப் பக்கவாட்டில் இழுத்துக் கட்டி, ஃபிளாஷை வேட்டியைப் பார்க்கத் திருப்பினோம். சுவருக்குப் பதில் வேட்டி. வெயிலின் நிறத்துக்கு ஒத்துவர ஃபிளாஷ் முகத்தில் வெளிர் ஆரஞ்சுத் தாள் ஒன்றை ஒட்டினார் அண்ணன்.

“கறுப்பா வருமா?” என்றார் பாட்டி.

“நீங்க எப்படி இருக்கீங்களோ அப்படி வரும் பாட்டி” என்றேன்.

“அதான் கேக்குறேன்.”

புக்கிட் ரோத்தான்

போகிற வழியில், ஸ்ரீ சக்தி தேவஸ்தானத்தில் 51 சக்தி பீடங்களுக்கும் சிற்பம் வைத்திருக்கிறார்கள். கோயிலை நிதானமாகப் பார்க்க ஒரு பகல் வேண்டும். எங்களுக்கு வாய்த்தது அரை மணி. வாசல் பக்கம் ஒரு கல்யாண ஜோடியைப் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். மணப்பெண் நல்ல மாநிறம். முகத்துக்கு மட்டும் வேறு நிறத்தில் மேக்கப், கழுத்தோடு ஒரு எல்லைக்கோடு. இந்தக் கோட்டை எடிட்டிங்கில் அழிப்பதுதான் தன் தொழிலில் பாதி என்றார் அண்ணன். “‘அண்ணே, கொஞ்சம் கலரா ஆக்கிடுங்க’ம்பாங்க.” கோவில்பட்டியிலும் இதே சொல்தான். வெளுப்பாக இருந்தால்தான் நமக்குக் கலர், மற்றவர்களெல்லாம் நிறமில்லாதவர்கள்.

இதில் நம்மை மட்டும் சொல்லிப் பயனில்லை. 1950-கள் முதல் கோடாக் நிறுவனம் பிரிண்ட் போடும் லேபுகளுக்கு நிறம் சரிபார்க்க ஓர் அட்டை அனுப்பி வந்தது. அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம். ஷர்லி அட்டை என்று பெயர். அவள் முகம் சரியாக வந்தால் எல்லாம் சரி என்று கணக்கு. கறுப்புத் தோலின் நுணுக்கங்கள் அந்த பிலிமில் சரியாக விழவில்லை. கோடாக்கில் வேலை பார்த்தவர்கள் பின்னாளில் சொன்னதுதான் வேடிக்கை: சாக்லேட் கம்பெனிக்காரர்களும் மரச் சாமான் விற்பவர்களும், தங்கள் சரக்கின் பழுப்பு நிறங்கள் வேறுபாடு தெரியாமல் விழுகின்றன என்று புகார் சொன்ன பிறகுதான் பழுப்பைக் கவனித்தார்களாம். மேசை நாற்காலி பேசிய பேச்சு எடுபட்டிருக்கிறது.

புக்கிட் மெலாவத்தி

கோலசிலாங்கூர் ஊருக்குத் தலைமாட்டில் ஒரு குன்று. சிலாங்கூர் சுல்தான்களின் கோட்டை இருந்த இடம். 1784-இல் டச்சுக்காரர்கள் பிடித்தார்கள், அடுத்த வருஷமே சுல்தான் இப்ராஹிம் திரும்பப் பிடித்தார். டச்சுக்காரர்கள் வைத்த பெயர் மட்டும் 1907-இல் ஆங்கிலேயர் கட்டிய கலங்கரை விளக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது: ஆல்டிங்ஸ்பர்க். பீரங்கிகள் கடலைப் பார்த்து நிற்கின்றன, அவற்றின் மேல் குரங்குகள் உட்கார்ந்திருக்கின்றன.

நான் பார்க்க வந்ததே அந்தக் குரங்குகளைத்தான். தாய் வெள்ளி பூசிய கரும்சாம்பல்; குட்டி பளீரென்ற ஆரஞ்சு. சில மாதத்தில் குட்டியும் கறுத்துவிடுமாம். கேமராவின் தானியங்கி நிறச்சமன், மடியில் ஆரஞ்சுக் குட்டியைப் பார்த்ததும் குழம்பி, தாயை நீலமாக்கிவிட்டது. வெளிச்சம் அளக்கும் மீட்டரும் தன் பங்குக்கு ஏமாந்தது. அதற்குத் தெரிந்தது ஒரே ஒரு நடுத்தரச் சாம்பல். கறுப்பைக் காட்டினால், ‘ஐயோ இருட்டு’ என்று வெளிச்சத்தைக் கூட்டி, தாயைப் புழுதியில் புரண்டது போல ஆக்கிவிடும். எண்ணெய் மின்னும் கறுப்பு உடம்பை வெள்ளைச் சட்டையோடு எடுத்தால் இதுவே தலைகீழ். இரண்டுக்கும் கையால்தான் திருத்த வேண்டும். நிறச்சமனை மேகத்துக்கு மாற்றி, வெளிச்சத்தை ஒரு படி குறைத்தேன். வெள்ளி முடி ஒவ்வொன்றாகத் தெரிந்தது.

குட்டிகளின் முகத்தில் ஃபிளாஷ் அடிக்கப் பிடிக்காமல் அதைப் பையில் வைத்திருந்தேன். அதன் வெள்ளை பிளாஸ்டிக் மூடி மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்திருக்கிறது. இந்த வெள்ளிக் குரங்குகள் சாதுவானவை. நீளவால் குரங்குகள் அப்படியில்லை. ஒன்று வந்து மூடியைப் பிடுங்கி, மரத்தில் ஏறி, கடித்துப் பார்த்து, பிடிக்காமல் பள்ளத்தாக்கில் எறிந்துவிட்டது. “விடு, அது போட்டாலும் ஒண்ணுதான் போடாட்டியும் ஒண்ணுதான்” என்று அண்ணன் சமாதானம் சொன்னார். வெளியிடத்தில் அது உண்மை. மோதித் திரும்பக் கூரையும் சுவரும் இல்லாத இடத்தில் அந்த மூடி பேட்டரியைத்தான் தின்னும்.

பாசிர் பெனம்பாங்

ஆற்றுக்கு அந்தப் பக்கம் சீனர்களின் மீன்பிடி ஊர். படகுகள் வீட்டுக் கொல்லையிலேயே வந்து நிற்கின்றன. காயும் இறால் வாசம், தராசு, ஐஸ் நொறுக்கும் சத்தம். இஞ்சியும் சின்ன மிளகாயும் போட்டு ஆவியில் வெந்த மீன் முழுசாக வந்தது. குழம்பில் மீனைத் தேடிப் பழகிய எனக்கு, மீனுக்கு இத்தனை தனி ருசி இருப்பது ஆச்சரியம். அண்ணி இருந்திருந்தால் புளி எங்கே என்று கேட்டிருப்பார். நண்டைக் கையில் எடுத்த பிறகு கேமராவைத் தொட வழியில்லை. எனவே இந்த ஊரில் படமில்லை.

கம்போங் குவாந்தான்

சிலாங்கூர் ஆற்றங்கரையில் இருட்டுவதற்காக உட்கார்ந்திருந்தோம். நாலு பேர் ஏறும் துடுப்புப் படகு; மோட்டார் கிடையாது. ஓட்டுபவர் வயதான மலாய்க்காரர், அண்ணன் அவரைப் பாக்சிக் என்று கூப்பிட்டார். பெரியப்பா, மாமா என்று நாம் முறைவைத்துக் கூப்பிடுவது மாதிரி. ஏறியதும் அவர் சொன்ன முதல் சொல் எனக்கே புரிந்தது: ஃபிளாஷ் கூடாது.

வளைவு தாண்டியதும் கரையோரம் பெரெம்பாங் மரங்கள். அவற்றில் மின்மினி. ஊரில் கிணற்றடியில் ஒன்றிரண்டு மின்மினி பார்த்தவன்தான். இது வேறு. மரம் முழுக்க ஆயிரக்கணக்கில், அத்தனையும் ஒரே தாளத்தில், நொடிக்கு ஏறத்தாழ மூன்று முறை மின்னுகின்றன. டெரோப்டிக்ஸ் டெனர் என்பது அறிவியல் பெயர், மலாயில் கெலிப்-கெலிப். கண் சிமிட்டுவது போலவே இருக்கிறது அந்தச் சொல். ஆண் பூச்சிகள்தான் இப்படிச் சேர்ந்து மின்னிப் பெண் பூச்சிகளைக் கூப்பிடுகின்றன. புழுப்பருவம் கரைச் சேற்றில், சின்ன நத்தைகளைத் தின்று கழிகிறது. அதனால் மரம் மட்டும் இருந்தால் போதாது. பின்னால் உள்ள கரையும் அதன் சேறும் நத்தையும் இருக்க வேண்டும். கரையை வெட்டிச் செம்பனையோ கட்டடமோ வந்தால் பூச்சி இல்லை. மேலாற்றுத் தண்ணீர் கெட்டாலும் இல்லை.

படம் எடுத்துப் பார்த்தேன், பொய் சொல்வானேன். வெளிச்ச உணர்வை (ஐஎஸ்ஓ) 12800-க்கு ஏற்றினால் படம் முழுக்க மணல் தூவியது போல. ஷட்டரை நாலு நொடி திறந்தால், படகு ஆடி, ஒவ்வொரு மின்மினியும் ஒரு புழுவாக நெளிந்தது. கேமராவை மடியில் வைத்துவிட்டேன். அப்போது எதிரே வந்த படகில் யாரோ செல்போன் ஃபிளாஷை அடித்துவிட்டார்கள். வெள்ளை வெளிச்சத்தில் இலை, சேறு, துடுப்பு எல்லாம் ஒரு கணம் தட்டையாகத் தெரிந்தன. அந்தக் கிளையில் தாளம் குலைந்தது. பாக்சிக் ஒன்றும் பேசவில்லை; துடுப்பைத் தூக்கிக்கொண்டு சும்மா இருந்தார். மறுபடி ஒரு மூலையில் தொடங்கி, பக்கத்துக் கிளை பிடித்துக்கொண்டு, மரம் முழுவதும் ஒன்றாவதற்குக் கொஞ்சம் நேரம் ஆயிற்று.

போகிறவர்களுக்கு ஒன்று: ஃபிளாஷை அணைத்தால் மட்டும் போதாது. இருட்டில் ஃபோகஸ் பிடிக்கக் கேமராவின் முன்பக்கம் ஒரு சின்ன விளக்கு தானாக எரியும். மெனுவில் தேடி அதையும் அணையுங்கள். தெரியாவிட்டால் கறுப்பு டேப் ஒட்டுங்கள். நிலா இல்லாத நாளாகப் பார்த்துப் போங்கள்.

மீண்டும் புஞ்சாக் ஆலாம்

எடுத்த ராத்திரியே எடிட் பண்ணக் கூடாது என்பது அண்ணனின் சட்டம். களைப்பில் கண் எல்லாவற்றையும் மஞ்சளாகப் பார்க்கும், ஆசையில் மனசு எல்லாவற்றையும் நல்ல படமென்று சொல்லும். மறுநாள் 600-க்கு மேலிருந்த படங்களை 31-க்குக் கொண்டு வந்தோம். மின்மினிப் படங்கள் அத்தனையும் போயின. பால் துளி இருந்தது. பாட்டி ஏழு படங்களில் இருந்தார்.

ஜேபெக்கில் எடுத்துப் பழகிய எனக்கு, கேமரா திருத்தாமல் தரும் ரா கோப்பு முதலில் பிடிக்கவில்லை. சோகை பிடித்ததுபோல வெளிறியிருந்தது. ஆனால் இருட்டுக்குள் கையை விட்டால் பொருள் தட்டுப்படுகிறது. பாட்டியின் கன்னத்து நிழலை லேசாகத் தூக்கியதும் மூக்குத்தித் துளைக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் தழும்பு தெரிந்தது. வேட்டியில் மோதி வந்த வெளிச்சம் நெற்றி ஓரத்தில் ஆரம்பித்து, கன்ன எலும்பில் ஏறி, கழுத்து நரம்பில் இறங்கியது. கத்தரிக்காயில் ஓடிய அதே கோடு. தோலை மழமழப்பாக்கும் பட்டனை ஒரு தடவை தள்ளிப் பார்த்தேன். முப்பத்திரண்டு வருஷ விடிகாலையும் ஒரே நொடியில் காணாமல் போயிற்று. திரும்ப இழுத்துவிட்டேன்.

எல்லாம் முடித்து ஒரு கடையில் பிரிண்ட் போட்டால் படம் இருண்டு வந்தது. கடைக்காரரிடம் சண்டைக்குப் போகப் பார்த்தேன், தவறு என்னுடையது. மடிக்கணினித் திரையை முழு வெளிச்சத்தில் வைத்துக்கொண்டு வேலை பார்த்திருக்கிறேன். திரை தானாக எரிகிறது, காகிதம் எரியாது. திரை வெளிச்சத்தைப் பாதிக்கும் கீழே இறக்கி, பக்கத்தில் வெள்ளைத் தாளொன்றை வைத்து, இரண்டும் ஒத்துப்போகிற வரை குறைத்துவிட்டு மறுபடி செய்தேன். இதைச் சொல்லித் தர யாருமில்லாமல் எத்தனை பேர் பிரிண்ட் கடைகளைத் திட்டிக்கொண்டிருக்கிறார்களோ.

இதற்கிடையில் பாட்டியின் பேரன் அண்ணனுக்குச் செய்தி அனுப்பியிருந்தான். பாட்டியைக் கொஞ்சம் பளிச்சென்று ஆக்கித் தர முடியுமா என்று. எனக்கு எரிச்சல். அண்ணன் தொழில்காரர். “கேக்குறவங்களுக்குக் குடுக்கணும் தம்பி. ரெண்டும் போடுவோம்.” பத்து நிமிஷத்தில் பாட்டியை மூன்று படி வெளுத்து, சுருக்கத்தை ஆற்றி, பின்னால் இருந்த லயத்தை மங்கலாக்கினார். சின்னத் தாத்தாவுக்குப் பென்சில் தீற்றிய கை இப்படித்தான் வேலை செய்திருக்கும் என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அழகாகத்தான் செய்தார், அதையும் சொல்ல வேண்டும்.

ஊர் திரும்புவதற்கு முதல் நாள் இரண்டு பிரிண்ட்டையும் லயத்துக்குக் கொண்டு போனோம். பாட்டி கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டார். வெளுத்த படத்தைப் பார்த்ததும் வாயெல்லாம் சிரிப்பு. “இத நடுவுல மாட்டு” என்று மகனிடம் கொடுத்தார். எனக்கு முகம் விழுந்துவிட்டது.

அடுத்ததை நெடுநேரம் பார்த்தார். தலையை இடப்பக்கம் சாய்த்து வைத்துக்கொண்டு பார்த்தார். பிறகு மருமகளைக் கூப்பிட்டார்.

“இத பத்திரமா வையி. நான் போனா பேப்பர்ல போட இதத்தான் குடுக்கணும். அந்தப் படத்தப் போட்டீங்கன்னா யாரோ எவரோன்னு எழவுக்கு ஒருத்தனும் வர மாட்டான்.”

மருமகள் அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, பாட்டியின் அடையாள அட்டையும் பழைய சம்பளச் சீட்டுகளும் இருந்த பிஸ்கட் டின்னுக்குள் வைத்து மூடினார்.